முன்பே, முன்பே, முன்பே

கேள்வி: இயற்கை எழுத்து என்றாலே அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் 'வால்டன்' என்கிறார்கள். நாவலாசிரியர் ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பரின் மகள் சூசன், தோரோவுக்கு முன்பே எழுதிவிட்டாராமே! அவருக்கு ஏன் உரிய இடம் தரவில்லை?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: வந்துவிட்டதா 'முன்பே'! இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் பாதி இந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டுதான் வருகின்றன. ஒரு நண்பர் மாதம் தவறாமல் எழுதுகிறார். விமானம் நம்மிடம் முன்பே இருந்தது, அணுகுண்டு முன்பே இருந்தது. போன மாதம் பிரஷர் குக்கரும் வந்துவிட்டது. நான் பதில் போடவில்லை. பதில் வராது என்பது முன்பே தெரியும் என்று அடுத்த கடிதம்.

சரி, உங்கள் பந்தயத்துக்கு வருவோம். சூசனின் இயற்கைக் குறிப்புப் புத்தகம் 'ரூரல் அவர்ஸ்' 1850இல் வந்தது, 'வால்டன்' 1854இல். சூசன் ஜெயித்தார். ஆனால் தோரோ வால்டன் குளக்கரையில் குடியிருந்தது 1845 முதல் 1847 வரை. சூசன் குறிப்பெழுதத் தொடங்கியதோ 1848 மார்ச்சில். இப்போது தோரோ ஜெயித்தார். ரிப்பனை எங்கே கட்டுகிறீர்களோ, அதைப் பொறுத்து முடிவு. இதில் வேடிக்கை, அந்த அம்மாள் பந்தயத்துக்குப் பெயரே கொடுக்கவில்லை. புத்தகத்தில் 'ஒரு பெண்மணி எழுதியது' என்று மட்டும் போட்டுக்கொண்டார். நீங்கள் என்னடாவென்றால் பெயரைச் சொல்லும் முன் அப்பா பெயரைச் சொல்கிறீர்கள்.

தோரோ அவரைப் படித்திருக்கிறார். லூன் என்று ஒரு பறவை, தண்ணீருக்குள் வெகு ஆழம் முக்குளிக்கும். நியூயார்க் மாநில ஏரிகளில் மீனுக்குப் போட்ட தூண்டிலில் அது சிக்குவதைப் பற்றி 1852 நாட்குறிப்பில் எழுதும்போது, மிஸ் கூப்பரும் இதைச் சொல்லியிருக்கிறார் என்று குறித்துக்கொண்டார். அதே பறவை 'வால்டன்' புத்தகத்துக்கு வரும்போது மிஸ் கூப்பரைக் காணோம். 'சொல்கிறார்கள்' என்று இருக்கிறது. யார் சொன்னார்கள்? அதான், சொல்கிறார்கள்!

டார்வின் இதைவிட நேர்மையாகக் கேட்டார். 1862இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், மிஸ் கூப்பரின் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன், யார் இவர், கெட்டிக்காரப் பெண்மணியாகத் தெரிகிறதே என்றார். அவரை மயக்கியது மலையும் ஏரியும் அல்ல, களை. ஐரோப்பியக் களைகள் கப்பலேறி வந்து அமெரிக்கச் செடிகளை அடித்து விரட்டிய கதையைச் சூசன் அவ்வளவு நன்றாக எழுதியிருந்தார். எங்கள் களை உங்களை இப்படி உதைக்கிறதே, யாங்கி (அமெரிக்க) ரோஷம் வரவில்லையா என்று கிரேயைச் சீண்டினார் டார்வின்.

அந்தப் பக்கங்களை நீங்கள் படிக்க வேண்டும். ஆட்ஸீகோ ஏரிக்கரையில், தாத்தா உண்டாக்கிய கூப்பர்ஸ்டவுன் ஊரில், தினம் நடந்து பார்த்து எழுதியது. வீட்டைச் சுற்றி என்ன முளைக்கிறது, நடைபாதையில் என்ன, தோட்டத்தில் தொல்லை தருவது என்ன என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். தோட்டத் தொல்லைகளில் ஒன்று பர்ஸ்லேன். யாரென்று பார்த்தால் நம் பருப்புக்கீரை! அங்கே பிடுங்கி எறிந்ததை இங்கே கட்டு போட்டு விற்கிறோம்.

இதைச் சொன்னதும் எனக்கு ஒரு பழைய கணக்கு நினைவுக்கு வருகிறது. முன்பொரு முறை பருப்புக்கீரையைப் பற்றி எழுதியபோது, லத்தீன் பெயர் போடாதது அறிவியலுக்குச் செய்த துரோகம் என்று ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவர் நான்கு பக்கம் திட்டியிருந்தார். ஐயா, கீரைக்கார அம்மாவிடம் போய் 'போர்ச்சுலாக்கா ஒலரேசியா ரெண்டு கட்டு' என்று கேட்டுப் பாருங்கள். தராசை எடுத்து அடிப்பார். சூசன் என் கட்சி. உயிரோடு பூத்து நிற்கும் பூவுக்குச் செத்துப்போன மொழியில் என்ன பெயர் என்று பக்கம் பக்கமாகக் கோபப்பட்டிருக்கிறார். பேராசிரியர் அவருக்கும் நான்கு பக்கம் எழுதட்டும்.

'உரிய இடம்' என்று கேட்டீர்கள். முற்போக்குச் சிலையாக நிறுத்தத்தான் என்றால், கொஞ்சம் யோசியுங்கள். பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டாம் என்று 1870இல் பத்திரிகையில் எழுதியவர் அவர். காட்டை வெட்டாதே என்பதில் காலத்துக்கு முன்னே நின்றார், இதில் பின்னே நின்றார். இரண்டு பேரும் ஒரே சூசன்தான்.

அவர் 1894 கடைசி நாளில் இறந்தார். புத்தகம் 1887லேயே சுருக்கப் பதிப்பாகிவிட்டது. குறைக்காத முழுப் பதிப்பு மறுபடி வந்தது 1998இல். வாங்கிப் படித்துவிட்டு எழுதுங்கள். 'முன்பே படித்துவிட்டேன்' என்றால், பர்ஸ்லேன் எந்தப் பக்கத்தில் வருகிறது என்றும் எழுத வேண்டும்.