இரண்டு மாத்திரையும் ஒரு டம்ளர் காபியும்

அன்புள்ள அக்கா,
எனக்கு வயது 36. மும்பை முலுண்டில் இருக்கிறேன். டி.எஸ்.எச். (தைராய்டு குறைந்தால் ஏறும் அளவு) 11, ஹீமோகுளோபின் 9.4. தைராய்டு மாத்திரையும் இரும்பு மாத்திரையும் தவறாமல் போட்டும் ஒரு வருஷமாக அசதி போகவில்லை. உடம்பில் 'ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்' (செல்களுக்கு ஆகும் ஆக்சிஜன் சேதம்) எவ்வளவு என்று பார்க்கும் பேக்கேஜ் 4,000 ரூபாய் என்கிறார்கள். எடுக்கலாமா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நேற்றுதான் சரோஜா அத்தையின் பழைய மாத்திரை டப்பா ஒன்று கைக்குக் கிடைத்தது. இன்று உங்கள் கடிதம்.

பேக்கேஜ் விஷயம் சட்டென்று. தைராய்டு குறைந்த பெண்களிடம் அந்த ஸ்ட்ரெஸைக் காட்டும் மாலோன்டையால்டிஹைடு போன்ற அளவுகள் கூடியிருப்பதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள், நிஜம்தான். ஆனால் அது ஒரு கூட்டத்தின் சராசரி. உங்கள் ஒருத்தியின் ரிப்போர்ட்டில் அந்த எண்ணைப் பார்த்து எந்த டாக்டரும் மருந்தை மாற்றப் போவதில்லை. நாலாயிரத்தைத் தூக்கிக் கொடுக்கத் தயாராக இருக்கிறீர்களே, ஃபெர்ரிட்டின், அதாவது உடம்பில் சேமித்த இரும்பு, பார்த்தீர்களா? வைட்டமின் பி12? கடிதத்தில் ஒரு வரி இல்லை!

தைராய்டு குறைவும் ரத்தசோகையும் தனித்தனி வியாதி என்று நினைக்காதீர்கள். தைராய்டு ஹார்மோனைச் செய்கிற பெராக்சிடேஸ் நொதிக்குள்ளேயே இரும்பு உட்கார்ந்திருக்கிறது. இரும்பு குறைந்தால் சுரப்பி மந்தம். சுரப்பி மந்தமானால் சிவப்பணு உற்பத்தி குறையும், மாதவிடாயில் போக்கும் அதிகமாகலாம், அதில் இன்னும் இரும்பு போகும்.

அத்தை மாட்டுங்காவில் இருந்தாள். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, மாமாவுக்கும் இரண்டு பையன்களுக்கும் டப்பா கட்டி, அவர்கள் லோக்கல் பிடிக்க ஓடிய பிறகுதான் அவளுக்கு முதல் காபி. டபராவில் இரண்டு மாத்திரை, தைராய்டுக்குச் சின்ன வெள்ளை ஒன்று, இரும்புக்குக் கருஞ்சிவப்பு ஒன்று. இரண்டையும் ஒரே வாயில் போட்டு, மேலே சுடச்சுட டிகாஷன் காபி. 'ஒரே வேலையா முடிஞ்சுடும்டி' என்பாள். தைராய்டு டோஸ் 50, 75, 100 மைக்ரோகிராம் என்று ஏறிக்கொண்டே போனது. மோதிரம் வீங்கிய விரலை விட்டு வரவில்லை, சோப்புப் போட்டும். மத்தியானம் படுத்தால் எழுந்திருக்க மாட்டாள். சோம்பேறி என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன்.

அவளிடம் 'எப்படிப் போடுகிறாய்' என்று முதலில் கேட்டவர் மருந்துக்கடையில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த ஒரு கிழவர்!

இரும்பு வயிற்றிலேயே தைராய்டு மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. கால்சியமும் அப்படித்தான். காபியும் தைராய்டு மாத்திரை உடம்பில் சேர்வதைக் கெடுக்கும், போதாதென்று இரும்பு சேர்வதையும் கெடுக்கும். ஆக தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். காபி அரைமணி, முடிந்தால் ஒரு மணி கழித்து. இரும்பு குறைந்தது நாலு மணி நேரம் தள்ளி, அதுவும் காபி டீயோடு அல்ல. மூன்றாவது தடவையாகச் சொல்வேன், திட்டினாலும் பரவாயில்லை: சேர்த்துப் போடாதீர்கள். 'தவறாமல் போடுகிறேன்' என்று அத்தையும்தான் சொன்னாள். ஒரு நாள் விட்டதில்லை, பாவம்.

காலையில் அந்த ஒரு மணி நேரத்துக்கு எங்கே போவது என்பீர்கள். டப்பாவை வீட்டுக்காரர் கட்டட்டும். கையா இல்லை அவருக்கு? இல்லையென்றால், சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரமான பிறகு ராத்திரி படுக்கும்போது போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பலருக்கு அது ஒத்துவருகிறது. நேரத்தை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். மறுபடி பார்க்க வேண்டும், டோஸைக் குறைக்க வேண்டியும் வரலாம்.

அத்தைக்கு மோதிரம் கழன்ற அன்று அவள் அதைத் திரும்பப் போட்டுக்கொள்ளவேயில்லை. டப்பாவுக்குள் வைத்திருந்தாள். நேற்று அதுவும் கிடைத்தது.

அடுத்த கடிதத்தில் ரிப்போர்ட் எண்கள் வேண்டாம். மாத்திரை எத்தனை மணிக்கு, காபி எத்தனை மணிக்கு, அதை மட்டும் எழுதுங்கள்.