யாருடைய ஆட்கள் நீங்கள்?

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் சிலர் சேர்ந்து திருகோணமலையில் எந்தக் கட்சியையும் சாராத ஓர் அமைப்பைத் தொடங்கியிருக்கிறோம். மாணவர்களுக்கும் பெரியவர்களுக்கும் குடியுரிமைக் கல்வி அளிப்பதும், மாற்றுக் கருத்துடையவர்கள் சண்டையின்றிப் பேச இடம் அமைப்பதும் நோக்கம். அமெரிக்காவில் இத்தகைய அமைப்புகள் பல இருப்பதைப் படித்துத்தான் இறங்கினோம். ஆனால் போகுமிடமெல்லாம் "நீங்கள் யாருடைய ஆட்கள்?" என்றே கேட்கிறார்கள். வம்பு வேண்டாமென்று காணி, மொழி, மதம் மூன்றையும் கூட்டங்களில் தொடுவதில்லை என முடிவெடுத்துவிட்டோம். இது சரிதானா?

ஒரு வாசகர், உப்புவெளி

அன்புள்ள தம்பிக்கு,

கேட்பவர்கள்மீது கோபப்படாதீர்கள். தேர்தலுக்கு முன் முளைக்கும் பொதுநல அமைப்புகளையும், வேட்புமனுத் தாக்கலன்று அவற்றின் தலைவர்கள் போய்ச் சேரும் இடத்தையும் பார்த்துப் பழகிய சனம் இது. "நாங்கள் நடுநிலையாளர்" என்று பதாகை கட்டினால் சிரிப்பார்கள். நீங்கள் எதை மறுத்தீர்கள் என்பதைத்தான் அவர்கள் கணக்கில் எடுப்பார்கள்.

அமெரிக்காவைச் சொன்னீர்கள். அங்கே 1920இல் தொடங்கிய பெண் வாக்காளர் சங்கத்தைப் பற்றிப் படித்துப் பாருங்கள். எந்தக் கட்சியையும் வேட்பாளரையும் ஆதரிப்பதுமில்லை, எதிர்ப்பதுமில்லை. ஆனால் பொது விடயங்களில் தன் நிலைப்பாட்டை வெளிப்படையாகச் சொல்லும். 1976, 1980, 1984 ஜனாதிபதித் தேர்தல்களின் தொலைக்காட்சி விவாதங்களை அந்தச் சங்கமே நடத்தியது. 1980இல் மூன்றாவது வேட்பாளரான அன்டர்சனையும் அழைத்ததால், பதவியிலிருந்த ஜனாதிபதி கார்ட்டர் முதல் விவாதத்துக்கு வர மறுத்தார். அவர் இல்லாமலே விவாதம் நடந்தது. 1988இல் இரண்டு பெரிய கட்சிகளின் பிரசாரக் குழுக்களும் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டு வந்தன: கேள்வி கேட்பவர் யார், அரங்கில் அமர்பவர் யார் என்பதெல்லாம் அவர்கள் விருப்பப்படி. இது வாக்காளரை ஏமாற்றும் வேலை என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டுச் சங்கம் விலகியது. மேடை பறிபோனது. இரு கட்சிகளும் சேர்ந்து முந்தைய ஆண்டே உருவாக்கியிருந்த ஆணைக்குழுவின் கைக்கு விவாதங்கள் போய்விட்டன. அந்த விலை உங்களுக்கும் வரும். ஒருநாள் ஒரு பிரமுகர், கேள்விகளை முன்கூட்டியே தந்தால்தான் வருவேன் என்பார். முடியாது என்று சொல்லுங்கள், அவர் வராவிட்டாலும் கூட்டத்தை நடத்துங்கள். அதற்குப் பிறகு "யாருடைய ஆட்கள்?" என்ற கேள்வி பாதியாகக் குறையும்.

இனி உங்கள் முடிவு. எனக்கு அதில் உடன்பாடில்லை. திருகோணமலையில் காணியையும் மொழியையும் மதத்தையும் விலக்கிவிட்டால் பேசுவதற்கு வானிலைதான் மிஞ்சும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த மாவட்டத்தில் எந்தச் சமூகமும் பாதியை எட்டவில்லை. ஒருவரையொருவர் விலக்கிவைத்து யாரும் இங்கே எதையும் முடிவுசெய்ய முடியாது. நாகரிகமான உரையாடல் என்றால் இனிக்க இனிக்கப் பேசுவது என்று யாரோ உங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். பட்டிமன்றத்தில் வளர்ந்த நமக்கு எதிரணியை மடக்கத் தெரியும், கைதட்டல் வாங்கத் தெரியும். எதிரணி சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்லத் தெரியாது. கூட்டத்தில் அந்த ஒரு விதியை மட்டும் வையுங்கள். தமிழ் பேசும் மூதூர்க்காரர் காணி பற்றிச் சொன்னதைச் சிங்களம் பேசும் சேருவிலக்காரர் முதலில் தன் வாயால் சொல்ல வேண்டும். மூதூர்க்காரர் "ஆம், இதைத்தான் சொன்னேன்" என்ற பிறகே பதில். இதற்கு நல்ல மொழிபெயர்ப்பாளர் தேவை. மண்டப வாடகையைக் குறைத்தாவது அவருக்குக் கொடுங்கள்.

முதல் கூட்டத்திலேயே காணியை எடுக்கச் சொல்லவில்லை. வாக்குச்சீட்டிலிருந்து தொடங்குங்கள். 2024 செப்டம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிவு தாமதமானபோது பஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள தேநீர்க் கடையில் இருந்தேன். "ஏதோ தில்லுமுல்லு நடக்கிறது" என்று ஒருவர் அடித்துச் சொன்னார். பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர்களும் தலையாட்டினார்கள். யாரும் 50 சதவீதத்தைத் தாண்டாததால் இலங்கை வரலாற்றில் முதன்முறையாக இரண்டாவது விருப்பு வாக்குகள் எண்ணப்படுகின்றன என்பதைச் சொல்ல அங்கே ஆளில்லை. நான் சொன்னபோது, "நீங்கள் எந்தக் கட்சி?" என்றார்!

பாராளுமன்றத் தேர்தலில் நம் மாவட்டத்துக்கு 4 ஆசனங்கள். ஒரு பட்டியலில் 7 பேர் நிற்பார்கள். ஆகவே சீட்டின் கீழ்ப்பகுதியில் 1 முதல் 7 வரை இலக்கங்கள். கட்சிக்குப் புள்ளடி இடாமல் இலக்கங்களுக்கு மட்டும் இட்டால் அந்த வாக்கு செல்லாது. கட்சிக்கு இட்டுவிட்டு, மூன்று என்ற எல்லையை மீறி நான்கு இலக்கங்களுக்கு இட்டால் கட்சி வாக்கு நிற்கும், விருப்பு வாக்குகள் போகும். இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டுங்கள். நாற்பது வருடங்களாக வாக்களிப்பவர்களே எழுந்து சந்தேகம் கேட்பார்கள், பாருங்கள்.

அடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். அதைப் பற்றி உரை நிகழ்த்தாதீர்கள். வந்திருப்பவர்களைத் தங்கள் வீதி, வடிகால், குப்பை பற்றித் தமிழிலோ சிங்களத்திலோ ஒரு விண்ணப்பம் அங்கேயே எழுத வையுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி தன் தீர்மானத்தைத் தெரிவிக்க வேண்டும். வந்த பதிலை அடுத்த கூட்டத்தில் வாசியுங்கள். பதில் வராவிட்டால் மேன்முறையீடு எழுதுவதே அன்றைய பாடம்.

பணம் பற்றி நீங்கள் எழுதவில்லை. யார் எவ்வளவு தந்தார்கள் என்ற பட்டியலை மண்டப வாசலில் ஒட்டிவிடுங்கள். பெயரைப் போடவேண்டாம் என்பவரின் காசை அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.