டைரியைத் திறந்து மேஜையில் வையுங்கள்

கேள்வி: ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசையாக ஒரு டைரி வாங்கி, செய்ய வேண்டிய வேலைகளை எழுத ஆரம்பிக்கிறேன். பிப்ரவரிக்குள் நின்றுபோகிறது. எனக்கு மன உறுதி போதவில்லையா? நல்ல டைரி, பேனா, ஸ்டிக்கர் எல்லாம் சிபாரிசு செய்யுங்களேன். (வாசகி, திண்டுக்கல்)

பதில்: மன உறுதியை விடுங்கள் அம்மா. உங்கள் டைரியின் நடுப்பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்துவிட்டுக் கையை எடுங்கள். தானாக மூடிக்கொள்கிறதா? அப்படியென்றால் குற்றம் உங்களுடையது இல்லை. ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் வருஷம் முழுக்க யாராலும் எழுத முடியாது.

இப்படி மூடிக்கொள்கிற டைரிகளில், தாள்களை அடுக்கி, முதுகை வெட்டி, சூடான பசையைத் தடவி அட்டையை ஒட்டிவிடுகிறார்கள். வேலை சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. ஆனால் அந்த டைரி விரிந்து படுக்காது. வம்பாக விரித்தால் நாலாம் மாதம் தாள் கையோடு வரும். தாள்களை ஃபாரம் ஃபாரமாக, அதாவது சின்னச் சின்னக் கட்டுகளாக மடித்து நூலால் தைத்த நோட்டுதான் படுக்கும். கடையிலேயே கண்டுபிடிக்கலாம். நோட்டை நிமிர்த்திப் பிடித்து, முதுகோரத்தை மேலிருந்து பாருங்கள். சின்னச் சின்ன மடிப்புகள் வளைவு வளைவாகத் தெரிந்தால் தையல். எல்லாத் தாளும் ஒரே வெட்டாகப் போய்ப் பசையில் முட்டி நின்றால், கீழே வைத்துவிடுங்கள்.

புத்தாண்டுக்கு இலவசமாக வருகிற டைரிகள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. மேலே ரெக்சின் அட்டை, அதில் தங்க எழுத்தில் கம்பெனி பெயர். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் விளம்பரம், ஊர்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு அட்டவணை. தாள் மட்டும் மட்டம். தங்க எழுத்துக்குச் செலவழித்ததில் பாதியைத் தாளுக்குக் கொடுத்திருந்தால் அந்த டைரியில் யாராவது எழுதியிருப்பார்கள். இப்போது அது பால் கணக்குக்கும் பிள்ளைகளின் கிறுக்கலுக்கும் போகிறது.

தேதி போட்ட டைரியே உங்களுக்கு வேண்டாம் என்பேன். காய்ச்சலில் நாலு நாள் படுத்தால் நாலு வெள்ளைப் பக்கம் உங்களைக் குற்றவாளியாக்கும். கல்யாண வேலை இருக்கிற நாளுக்கோ ஒரு பக்கம் போதாது. இரண்டு குயர் லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்குங்கள், தையல் போட்டது. தேதியை நீங்களே போடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று பக்கம் ஆகட்டும், அடுத்த நாலு நாளுக்கு ஒன்றுமே இல்லாமல் போகட்டும். பக்க எண் போட்டு, முதல் இரண்டு தாளைப் பொருளடக்கத்துக்கு விட்டுவைத்தால், எதை எங்கே எழுதினோம் என்று தேட வேண்டாம். ஸ்டிக்கர் ஒட்டினால் நோட்டு ஒரு பக்கமாகப் புடைத்துக்கொள்ளும். சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போதும்.

வீட்டு விஷயங்களை நோட்டில் எழுதவே எழுதாதீர்கள். சமையலறைச் சுவரில் மாதக் காலண்டர் எதற்கு இருக்கிறது? காஸ் மாற்றிய தேதி, சீட்டுப் பணம், பால்காரர் வராத நாள் எல்லாம் அதில்தான் இருக்க வேண்டும். வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும், யார் வேண்டுமானாலும் எழுதலாம். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பங்களைப் பூஜை போட்டு வெளியிடுகிறார்கள். அத்தனை மாதம் முன்பே உழைப்பவர்கள் கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகவும் விடலாம். ராகு காலம், எமகண்டம் போக மிஞ்சுகிற இடத்தில் ஒரு வரி எழுத முடியவில்லை.

இனி தாள். நல்ல தாளுக்குள் மை இறங்காமல் இருக்க, தயாரிக்கும்போதே பசை சேர்ப்பார்கள். தொழிலில் அதற்குப் பெயர் சைஸிங். அது இல்லாத தாள்தான் மையொற்றுத் தாள். சைஸிங்கில் கைவைத்த நோட்டில் எழுதினால் எழுத்துக்கு மீசை முளைக்கும், மறுபக்கம் பாழாகும். கனம் கூடினால் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. ஜப்பானில் செய்த டோமோயே ரிவர் தாள் 52 ஜிஎஸ்எம்தான், அதாவது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 52 கிராம். நம் ஜெராக்ஸ் தாளைவிட மெலிசு. அதில் மைப்பேனாவால் எழுதினால் மை ஊறி மறுபக்கம் வராது.

நம்மால் முடியாதா? கரூர் அருகே காகிதபுரத்தில் 1984 முதல் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறோம். அவ்வளவு தெரிந்த ஊரில், பல நோட்டுகளின் அட்டையில் ஜிஎஸ்எம் எவ்வளவு என்றுகூடப் போடுவதில்லை. அச்சிட்ட பக்கங்களும் மொத்த எண்ணிக்கையில் அடக்கம் என்பதை மட்டும் மறக்காமல் பொடி எழுத்தில் போடுகிறார்கள். ஜெராக்ஸ் தாளிலாவது எடை போட்டுப் பார்க்கலாம். ஏ4 தாள் 16 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆகவே 80 ஜிஎஸ்எம் என்று விற்கிற 500 தாள் கட்டு இரண்டரைக் கிலோ இருக்க வேண்டும்.

பேனா? மைப்பேனாதான். பால்பாயிண்ட் போதாதா என்று சண்டைக்கு வருகிற நண்பர்களுக்கு மறுபடியும் சொல்கிறேன்: பந்து உருள அழுத்த வேண்டும், அழுத்தினால் கட்டைவிரல் வலிக்கும். நிப்பு தாளைத் தொட்டாலே மை இறங்கும். ஆந்திராவில் ராஜமுந்திரியில் ரத்னம் என்பவர் 1932இல் சுதேசிப் பேனா செய்யத் தொடங்கினார். அவர் செய்த பேனா ஒன்றை காந்தியப் பொருளாதார அறிஞரான நம் தஞ்சாவூர் ஜே.சி. குமரப்பா காந்தியிடம் சேர்த்தார். கடைத்தெருவில் விற்கும் வெளிநாட்டுப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்று என்று 1935இல் காந்தி ரத்னத்துக்கு எழுதினார். பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார். பொருளைப் பாராட்ட அதுதான் முறை. அந்தப் பேனாக் கடை இன்றும் ராஜமுந்திரியில் இருக்கிறது. உங்கள் மைப்பேனாவோடு நோட்டுக் கடைக்குப் போய், வாங்கும் முன் நோட்டின் கடைசித் தாளில் ஒரு வரி எழுதிப் பார்க்கக் கேளுங்கள். விடமாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

நோட்டுத் தயாரிப்பாளர்கள் யாராவது இதைப் படித்தால், அட்டையில் ஜிஎஸ்எம்மும் தையலா பசையா என்பதும் போடுவதற்கு என்ன தடை என்று எழுதுங்கள். ஒரு எழுத்தும் வெட்டாமல் இதே பக்கத்தில் போடுகிறேன்.