மாரியோ லெமியூ: கேள்வி பதில்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் ஐஸ் ஹாக்கி அணிக்கு ஆடிய மாரியோ லெமியூவைப் பற்றிப் போன வாரம் இரண்டு வரி எழுதப்போய், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (மதுரை): அண்ணா, ஐஸ் ஹாக்கியை நான் ஒரு நிமிடம்கூடப் பார்த்ததில்லை. இவரைப் பற்றி எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அவருடைய முதல் நிமிடத்திலிருந்தே தொடங்கலாம் தம்பி. கோல் கீப்பரோடு சேர்த்து ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். பந்து கிடையாது, 'பக்' என்ற கெட்டி ரப்பர் வில்லை. முக்கால் நிமிடம் உயிரைக் கொடுத்துச் சறுக்கிவிட்டு, பெஞ்சுக்குப் போய் மூச்சு வாங்குவார்கள். அப்படி ஒரு முறை இறங்குவதற்குப் பெயர் 'ஷிஃப்ட்'. 1984 அக்டோபர் 11, பாஸ்டன். மாண்ட்ரியலில் பிறந்த 19 வயதுப் பையன், ஆறடி நாலு அங்குலம். வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறைப் போட்டியான என்ஹெச்எல் லீக்கில் முதல் ஆட்டம், முதல் ஷிஃப்ட், முதல் அடி. ரே பூர்க் என்ற பேர்போன தடுப்பாட்டக்காரரிடமிருந்து பக்கைப் பறித்துக்கொண்டு போய்க் கோல் போட்டுவிட்டார்.

கேள்வி: சட்டையில் ஏன் 66?

பதில்: ஐஸ் ஹாக்கியின் மிகப் பெரிய ஆட்டக்காரர் என்று பலர் சொல்லும் வெய்ன் கிரெட்ஸ்கியின் 99-ஐத் தலைகீழாக்கிப் பாருங்கள். நாடுகளுக்கு இடையிலான 1987 கனடா கோப்பையில் இருவரும் ஒரே அணி, கனடா. சோவியத் அணிக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் 99 தள்ளிக் கொடுக்க, 66 அடித்தார், 6-5.

கேள்வி (கோவை): கிரெட்ஸ்கி 2857 புள்ளி, இவர் 1723. எப்படி சார் இருவரையும் பக்கத்தில் வைக்கிறீர்கள்?

பதில்: கோலுக்கு ஒன்று, கோல் போட உதவினால் ஒன்று, அதுதான் புள்ளி. ஆட்டங்களையும் சேர்த்துப் பாருங்கள். கிரெட்ஸ்கி 1487 ஆட்டம், இவர் வெறும் 915. ஆட்டத்துக்குச் சராசரி 1.92, 1.88. கிரெட்ஸ்கிதான் பெரியவர் என்பதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் லெமியூவை உடம்பு விட்ட நாட்களில் மட்டும்தான் நாம் பார்த்தோம். முதுகு வட்டு பிதுங்கி 1990-ல் அறுவை சிகிச்சை; அடுத்த சீசனில் முதல் 50 ஆட்டம் போயிற்று. குனிந்து ஸ்கேட் கயிற்றைக் கட்ட முடியாமல், வேறொருவர் கட்டிவிட்டு அனுப்பிய நாட்களும் உண்டு. அந்தச் சீசன் முடிவில்தான், 1991-ல், பெங்குவின்ஸ் முதல் ஸ்டான்லி கோப்பையை, அதாவது என்ஹெச்எல் சாம்பியன் கோப்பையை, வாங்கியது. 1992-லும் அவர்களே. இரண்டு முறையும் பிளேஆஃப் (கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள்) சிறந்த ஆட்டக்காரர் விருது இவருக்கு.

கேள்வி: புற்றுநோயோடு ஆடினார் என்கிறார்களே, கொஞ்சம் மிகையோ?

பதில்: மிகையே இல்லை அக்கா. 1993 ஜனவரியில் ஹாட்ஜ்கின் நோய் என்று தெரிந்தது. நிணநீர் மண்டலத்தில் வரும் புற்று. அப்போது புள்ளிப் பட்டியலில் அவர்தான் முதல். மார்ச் 2 காலையில் கடைசிக் கதிர்வீச்சு. அன்றே விமானம் ஏறி பிலடெல்பியா போய், இரவு ஆட்டத்தில் ஒரு கோல், ஓர் உதவி. பிலடெல்பியா ரசிகர்கள் எதிரணியைத் திட்டித் தீர்ப்பவர்கள். அவர்களே எழுந்து நின்று கைதட்டினார்கள். பெங்குவின்ஸ் 5-4 என்று தோற்றது. கதை சொல்பவர்கள் பலர் அதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்! ஏறக்குறைய இரண்டு மாதம் இல்லாததில், பஃபலோவின் பாட் லாஃபோன்டெய்ன் அவரைத் தாண்டிப் போயிருந்தார். சீசன் முடிவில் லெமியூ 60 ஆட்டத்தில் 160, லாஃபோன்டெய்ன் 148.

கேள்வி: ஒரே ஆட்டத்தில் ஐந்து விதமாக ஐந்து கோல் என்பது?

பதில்: 1988 டிசம்பர் 31, நியூ ஜெர்சிக்கு எதிராக. இரு பக்கமும் சம ஆள் இருக்கும்போது ஒன்று, எதிரணியில் ஆள் குறைந்தபோது ஒன்று, தன் அணியில் ஆள் குறைந்தபோது ஒன்று, பெனால்டி ஒன்று, கீப்பர் வெளியேறிய காலிக் கம்பத்தில் ஒன்று. வேறு யாரும் செய்ததில்லை.

கேள்வி (சென்னை): நான் கணக்குத் தணிக்கை பார்ப்பவன். சம்பளப் பாக்கிக்கு அணியையே வாங்கினாராமே?

பதில்: உங்கள் துறைக்காரர்கள் ரசிக்க வேண்டிய இடம் சார். 1997-ல் ஓய்வு பெற்றார். 1998-ல் அணி திவாலானது. அவருக்கு வரவேண்டிய பாக்கி மூன்று கோடி டாலருக்கு மேல். கடன்காரர் வரிசையில் நின்றால் எவ்வளவு தேறும் என்று உங்களுக்கே தெரியும். பெரும் பகுதியைப் பங்காக மாற்றிக்கொண்டு, 1999-ல் முதலாளி ஆகிவிட்டார். அப்புறம் 2000 டிசம்பர் 27-ல் முதலாளியே ஸ்கேட் மாட்டிக்கொண்டு இறங்கினார். ஓய்வுக்கு மரியாதையாக அரங்கின் கூரையில் ஏற்றிவைத்திருந்த 66-ஐ ஆட்டத்துக்கு முன் கீழே இறக்கினார்கள். 33-வது விநாடியில் யாரொமிர் யாகர் கோல் போட்டார், உதவி, லெமியூ. எதிரணி டொரோன்டோ. 2006 ஜனவரியில் இதயத் துடிப்புக் கோளாறால் இரண்டாவது, கடைசி ஓய்வு.

கேள்வி (ஸ்கார்பரோ): அண்ணை, நாங்கள் டொரோன்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின்ர ஆக்கள். 1967-க்குப் பிறகு ஸ்டான்லி கப்பைக் காணவில்லை, அதை விடுங்கோ. லெமியூவின்ர ஒரேயொரு காட்சி பார்க்கிறதெண்டா எதைப் பார்க்கலாம்?

பதில்: 2002 சால்ட் லேக் ஒலிம்பிக் இறுதி ஆட்டம். ஆண்கள் ஹாக்கியில் கனடா தங்கம் வாங்கி 50 வருடம் ஆகியிருந்தது, தலைவர் லெமியூ. அமெரிக்கா 1-0 என்று முன்னால். கிறிஸ் ப்ராங்கர் பக்கை இவரை நோக்கி அனுப்புகிறார். இவர் அடிப்பதுபோல மட்டையை நீட்டுகிறார். கீப்பர் மைக் ரிக்டர் அதை நம்பி இவரைக் குறிவைத்து நிற்க, பக் இவருடைய கால்களுக்கு நடுவே போய் மறுபக்கம் நின்ற பால் கரியாவிடம் சேர்கிறது. கோல். கடைசியில் 5-2 என்று தங்கம். அந்த ஒரு விநாடியை மெதுவாக ஓட்டிப் பாருங்கோ. மட்டை பக்கைத் தொடவே இல்லை. தொடாததற்குப் புள்ளியும் கிடையாது.