பேட்டன் சிடி எது வாங்கறது? முதல்ல யாரு ரெக்கார்டு பண்ணாங்கன்னு பாருங்க

அமெரிக்கக் கறுப்பின மக்களோட பழைய ப்ளூஸ் பாட்டு கேக்கற ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணே, ராபர்ட் ஜான்சன் ரெண்டு சிடி செட் வாங்கி தேய தேய கேட்டாச்சு, அடுத்து சார்லி பேட்டன் வாங்கலாம்னு பாத்தா அதே பாட்டுங்க பத்து கம்பெனில இருக்கு, விலையும் எங்கெங்கயோ இருக்கு. ஆன்லைன்ல ஒண்ணு போட்டுக் கேட்டா எண்ணெய்ல வடகம் பொரியற சத்தம்தான் வருது, ஆளு குரலே கேக்கல. 'டிஜிட்டல் ரீமாஸ்டர்'னு போட்டிருக்கறதை நம்பி வாங்கலாமா?"

தம்பி, ஜான்சன் அவ்வளவு தெளிவா கேக்குதே, பேட்டன் ஏன் இப்படின்னு யோசிச்சீங்கன்னா பாதி பதில் அங்கயே இருக்கு. ஜான்சன் 1936ல சான் அன்டோனியோலயும் 1937ல டாலஸ்லயும் பாடுனது ஏஆர்சிங்கற (அமெரிக்கன் ரெக்கார்டு கார்ப்பரேஷன்) கம்பெனிக்கு, அது பின்னாடி கொலம்பியா கைக்கு வந்துச்சு, அதனால மெட்டல் மாஸ்டரும் (தட்டு அடிக்கற மூல உலோக அச்சு) டெஸ்ட் பிரஸ்ஸிங்கும் (சோதிச்சுப் பாக்க அடிச்ச முதல் தட்டு) நிறைய தப்பிச்சுது. பேட்டன் 1929, 1930ல பாடுனது பாரமவுண்டுக்கு. அது விஸ்கான்சின்ல ஒரு நாற்காலி கம்பெனி நடத்துன லேபிள், கிராமஃபோன் பெட்டி செஞ்சாங்க, பெட்டி விக்கணும்னா தட்டும் வேணும்னு அதுல இறங்குனவங்க. செலவைக் குறைக்க மட்டமான கலவையில தட்டு அடிச்சாங்க, புதுசா வாங்கிப் போட்டாலே கரகரன்னுதான் இருக்கும். (அந்தக் காலத்து தட்டுல இருக்கற ஷெல்லாக் நம்ம அரக்குதான், பெரும்பாலும் இந்தியாவுலேர்ந்துதான் கப்பல் ஏறிச்சு.) கம்பெனி 1930கள்ல படுத்ததும் மாஸ்டருங்க பெரும்பாலும் பழைய உலோக விலைக்குப் போயிடுச்சு. ஆக இன்னிக்கு நீங்க வாங்கற எந்த பேட்டன் சிடியா இருந்தாலும், அந்த பாரமவுண்ட் பாட்டெல்லாம் எங்கயோ ஒரு வீட்டு பரண்லேர்ந்து யாரோ தேடி எடுத்த ஒரு பழைய 78 தட்டு (நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்தறது) மேல ஊசி வெச்சு எடுத்ததுதான், அந்தத் தட்டு எவ்வளவு தேஞ்சிருக்கோ அவ்வளவுதான் சத்தம்.

அதனாலதான் சொல்றேன், அட்டையில என்ன போட்டிருக்காங்கங்கறதை விட, யாரு கையில நல்ல தட்டு இருந்துச்சு, அதை யாரு பொறுமையா ட்ரான்ஸ்ஃபர் பண்ணாங்க, அதாவது தட்டுலேர்ந்து சிடிக்கு மாத்துனாங்கங்கறதுக்குத்தான் காசு குடுக்கணும்.

யாஸூ லேபிள் 1960கள் கடைசில நிக் பெர்ல்ஸ் ஆரம்பிச்சது, அவரே பெரிய தட்டு சேகரிப்பாளர், கிடைச்சதுல நல்ல காப்பியா பொறுக்கி எடுத்துப் போடுவாங்க, உக்காந்து கேக்கறதுக்கு அதுதான். ஆனா பல செட்டுல எல்லா பாட்டும் இருக்காது. டாக்குமென்ட் லேபிள் நேர் எதிர், யோஹன் பார்த்னு ஒருத்தர் வியன்னாவுல உக்காந்துக்கிட்டு ஒவ்வொரு ஆளோட எல்லா பாட்டையும் தேதி வாரியா ஒண்ணு விடாம போட்டாரு, பேட்டனுக்கே மூணு வால்யூம் இருக்கு. அதுல கிடைச்ச தட்டு கிடைச்சபடி, சிலது அருமையா இருக்கும், சிலது மழையில நனைஞ்ச ரேடியோ மாதிரி இருக்கும். ஆனா அந்த மனுஷன் பண்ணலன்னா பாதிப் பேரு பாட்டு நம்ம காதுக்கே வந்திருக்காது, அதை நான் நன்றியோடதான் சொல்றேன். ஜேஎஸ்பின்னு இங்கிலாந்து லேபிள் ஒண்ணு, பேட்டனை அஞ்சு சிடியா கம்மி விலைக்குப் போட்டாங்க, சத்தமும் மோசமில்ல, உங்களுக்கு நான் சொல்றது இதுதான். 2001ல ரெவனன்ட் போட்ட ஏழு சிடி பெட்டி ரொம்ப அழகு, கிராமி கூட வாங்குச்சு, ஆனா இப்ப செகண்ட் ஹேண்ட்ல யானை விலை, முதல்ல அதுல கை வைக்க வேணாம்.

மத்த கம்பெனி பேருங்களெல்லாம் எங்கேர்ந்து முளைச்சுதுன்னா, ஐரோப்பாவுல அப்ப 50 வருஷம் ஆனா ரெக்கார்டிங் உரிமை முடிஞ்சிடும், அதனால யாரு வேணா போடலாம்னு ஆயிடுச்சு, இவங்கள்ல பல பேரு தட்டையே கண்ணால பாக்கல, இன்னொருத்தன் சிடியை எடுத்து ஃபில்டர் போட்டு 'ரீமாஸ்டர்'னு ஒட்டிடறாங்க. நானும் ஒரு தடவை அப்படி ஒரு சீப் செட் வாங்குனேன், கம்பெனி பேரு வேணாம், ஸ்கிப் ஜேம்ஸ்னு இன்னொரு ப்ளூஸ் பாடகர் பாட்டுல கிட்டார் ஆரம்பிக்கற முதல் நோட்டையே வெட்டிட்டாங்க, அன்னிக்கு வந்த ஆத்திரம் இன்னும் போகல. ஜேம்ஸ் 1931ல பாரமவுண்ட் ஸ்டூடியோ இருந்த கிராஃப்டன்ல பாடி நமக்குக் கிடைச்ச 18 பாட்டுதான் அவரோட பழைய ரெக்கார்டிங் மொத்தமுமே, தட்டுங்களை விரல் விட்டு எண்ணிடலாம், அதுல ஒரு நோட்டை வெட்ட யாருக்கு மனசு வருது?

வாங்கறதுக்கு முன்னாடி சாம்பிள் கிடைச்சா ஹெட்ஃபோன்ல இதைப் பண்ணிப் பாருங்க. பாடறவரு ஒரு அடி முடிச்சு மூச்சு விடற இடத்தை கவனிங்க. இரைச்சல் சீரா ஓடிட்டே இருந்தா பயமில்ல, ரெண்டு நிமிஷத்துல காது பழகிக்கும். குரல் வரும்போது மட்டும் இரைச்சல் வந்து குரல் நின்னதும் அதுவும் காணாம போச்சுன்னா மெஷினை விட்டு கண்டபடி சுத்தம் பண்ணியிருக்காங்க. அப்புறம் பேட்டன் கிட்டார் உடம்பைத் தட்டுவாரு, டொக்குன்னு ஒரு சத்தம், கம்பியை இழுத்து விட்டா பலகையில 'டப்'னு அடிக்கும், நல்ல ட்ரான்ஸ்ஃபர்ல அது கரகரப்புக்கு நடுவுலயும் துல்லியமா கேக்கும். ஓவரா ஃபில்டர் பண்ணதுல அந்த டொக்கு மொத்தமா செத்துப்போய், தண்ணிக்குள்ள வாசிக்கற மாதிரி இருக்கும். இரைச்சலும் கம்பியோட கூர்மையும் மேல் அலைவரிசையில ஒண்ணாத்தான் இருக்கு, இதை வெட்டுனா அதுவும் சேந்தே போயிடும், எனக்கு கேட்டா கரகரப்பு இருக்கட்டும்னுதான் சொல்லுவேன்.

இன்னொண்ணு, காது பழகறதுக்கு நேரா பேட்டன்ல குதிக்காதீங்க. மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928ல ஓகே கம்பெனிக்கு பாடுன 13 பாட்டு 1996ல கொலம்பியா ஒரே சிடியா போட்டாங்க, ப்ளைன்ட் வில்லி ஜான்சன் 1927லேர்ந்து 1930 வரைக்கும் பாடுன 30 பாட்டும் அவங்ககிட்டயே ரெண்டு சிடியா இருக்கு, ரெண்டும் சத்தம் தெளிவு. ஹர்டோட விரல் எப்படி ஓடுதுன்னு ஒரு பத்து நாள் கேளுங்க, அப்புறம் ஜேஎஸ்பி பேட்டனை எடுங்க, அதுலயும் முதல் சிடியை ராத்திரி தனியா உக்காந்து கேளுங்க, ஃபேனை நிறுத்திட்டு.

வாங்குன செட்டுல ஒரு பாட்டு ரொம்ப மோசமா இருந்தா மொத்த செட்டையும் தூக்கிப் போட்டுட்டு இன்னொண்ணு வாங்க ஓடாதீங்க, பல சமயம் அந்தப் பாட்டுக்கு உலகத்துல இருக்கறதே அந்த ஒரு தட்டுதான். நல்ல காப்பி கிடைச்சா புது ரீஇஷ்யூல (மறுவெளியீட்டுல) வரும், சன் ஹவுஸ்ங்கற ப்ளூஸ் பாடகர் 1930ல பாடுன ஒரு தட்டு 75 வருஷமா யாரும் பாக்காம இருந்து கிடைச்சு, 2006ல யாஸூ வெளியிட்டாங்க. அதே 1930 செஷன்ல அவர்கூட பாடுன வில்லி பிரவுனோட ஒரு தட்டு இன்னும் கிடைக்கல, தேடிட்டுதான் இருக்காங்க.