சம்பளம் வர ஆரம்பிச்ச வயசுல கட்டுப்பாடு: கேட்டீங்க, சொல்றேன்

அரசு பேங்க்ல 34 வருஷம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவன் நான், இப்ப மதுரைல சாயங்காலம் போட்டித்தேர்வு பசங்களுக்கு கணக்கு சொல்லித்தர்றேன். இந்த விஷயத்துல எனக்கு இவ்ளோ அக்கறை ஏன்னா கவுண்டர்ல கண்ணால பாத்ததுதான். ஒரே ஆபீஸ், ஒரே சம்பளம், ஒரே மாசத்துல ரிட்டயர் ஆன ரெண்டு பேர். ஒருத்தர் பேரனுக்கு டெபாசிட் போட வர்றார், இன்னொருத்தர் பென்ஷன் வந்த அன்னிக்கே மொத்தத்தையும் எடுத்து கடன்காரருக்கு குடுக்கறார். ரெண்டு பேருமே நல்ல மனுஷங்க. இருபதுகள்ல பழகிக்கிட்டது வேற வேற, அவ்ளோதான். கேள்விகளுக்கு வர்றேன்.

சார், குரூப் 4க்கு படிக்கிறேன். காலைல 4 மணிக்கு அலாரம் வைக்கிறேன், மூணு நாள் எந்திரிக்கிறேன், நாலாவது நாள் விட்டுப்போகுது. எனக்கு மனஉறுதியே இல்லையா?

தம்பி, நைட்டு எத்தன மணிக்கு படுக்கறீங்கன்னு எழுதவே இல்லையே. பன்னெண்டரை வரைக்கும் போன் பாத்துட்டு நாலு மணிக்கு எந்திரிக்க யாராலயும் முடியாது, அது மனஉறுதி கணக்கு இல்ல, தூக்கக் கணக்கு. முதல்ல படுக்கற நேரத்த பத்தரைக்கு கொண்டுவாங்க, போன அடுத்த ரூம்ல சார்ஜ் போட்டுட்டு ஒரு சாதா அலாரம் கடிகாரம் வாங்கி வைங்க, எந்திரிக்கறத ஐந்தரைல ஆரம்பிங்க. லண்டன்ல 96 பேர வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணி 2010ல வெளியிட்டாங்க, ஒரு பழக்கம் தானா வர சராசரியா 66 நாள் ஆச்சு, சிலருக்கு 18 நாள்லயே வந்துருச்சு, சிலருக்கு 254 நாள்னு கணக்கு வந்துச்சு. நடுவுல ஒரு நாள் விட்டவங்களுக்கு பெருசா ஒண்ணும் கெட்டுப்போகலன்னும் அதுல தெரிஞ்சுது. நீங்க நாலாவது நாள் விட்டதும் அஞ்சாவது நாளும் சேர்த்து விடறீங்க பாருங்க, அங்கதான் கவனம் வேணும்.

ஐயா, ஓஎம்ஆர்ல ஐடி வேலை, வயசு 24, கைக்கு 38,000 வருது. 20ந்தேதிக்குள்ள காலி. கிரெடிட் கார்டுல 62,000 நிக்குது, மினிமம் டியூ மட்டும் கட்டிட்டு வர்றேன். சேமிப்பு எப்படி ஆரம்பிக்கறது?

சேமிப்ப விடுங்க தம்பி, முதல்ல கார்டு. நிறைய கார்டுல வட்டி மாசம் மூணரை பர்சென்ட் கிட்ட இருக்கு, அதாவது வருஷத்துக்கு 42. உங்க கணக்கயே போட்டு பாருங்க: மினிமம் டியூ 5 பர்சென்ட்னா 3,100 ரூபா, அதுல வட்டி 2,170, வட்டிக்கு ஜிஎஸ்டி 390, ஆக அசல்ல கழியறது வெறும் 540 ரூபா. பழைய பாக்கி நிக்கற வரைக்கும் புதுசா வாங்கற பொருளுக்கும் வாங்குன நாள்ல இருந்தே வட்டி ஓடும், அந்த 45 நாள் வட்டியில்லா சலுகையெல்லாம் கிடைக்காது. இத யாரும் உங்களுக்கு சொல்லித்தரல, அது உங்க தப்பு இல்ல, ஆனா இனிமே தெரியும்ல. கார்டு நம்பர எல்லா ஆப்லயும் இருந்து அழிச்சிருங்க, சம்பளம் வந்த மறுநாளே 10,000 கார்டுக்கு போயிரணும், புதுசா எதுவும் தேய்க்காம இருந்தா எட்டு மாசத்துல முடியும். ஒன்பதாவது மாசம் அதே 10,000த்த அதே தேதில வேற அக்கவுண்டுக்கு தானா போற மாதிரி செட் பண்ணிருங்க. மிச்சம் இருந்தா சேமிப்போம்னு சொன்னவங்க யாருக்கும் மிச்சம் இருந்து நான் பாத்ததில்ல. தினம் தினம் மனசோட சண்டை போட்டு ஜெயிக்கணும்னு நினைக்காதீங்க, ஒரே ஒரு தடவ ஏற்பாடு பண்ணிட்டா அந்த சண்டையே வராது.

அண்ணா, திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனில இருக்கேன், 23 வயசு. வேற கம்பெனி மாறப்போறேன், பிஎஃப் பணத்த எடுத்துக்கோன்னு எல்லாரும் சொல்றாங்க.

எடுக்காதம்மா. யூஏஎன்னு உனக்கு குடுத்திருக்கற பிஎஃப் நம்பர் எந்த கம்பெனி போனாலும் ஒண்ணுதான், பழைய கணக்க புதுசுக்கு மாத்திக்க ஆன்லைன்லயே மனு போடலாம். உன் பேசிக்ல 12 பர்சென்ட் பிடிக்கறாங்க, முதலாளியும் அதே அளவு போடறார், அதுல ஒரு பங்கு பென்ஷனுக்கு போகுது. 2024-25க்கு வட்டி 8.25 பர்சென்ட், இந்த வட்டி வேற எங்க உறுதியா கிடைக்குது சொல்லு. பத்து வருஷ சர்வீஸ் இருந்தாதான் மாசாமாசம் பென்ஷன் வரும், நீ ஒவ்வொரு கம்பெனிலயும் முழுசா எடுத்துட்டே போனா அந்த பத்து சேரவே சேராது. வீட்டுல அவசரம்னு கேப்பாங்க, அதுக்குன்னு தனியா மாசம் 1,000 ரூபா ஆர்டி போட்டு வச்சுக்கோ, பிஎஃப்ப கண்ணுல காட்டாத.

ஜிம் சேந்து ரெண்டு மாசத்துல நின்னுட்டேன் சார்.

நடங்க. சாப்பிட்ட தட்ட கழுவுன கையோட செருப்ப மாட்டிக்கிட்டு இருபது நிமிஷம். ஏற்கனவே தினம் செய்யற ஒரு வேலைக்கு பின்னாடி புதுச ஒட்டிட்டா மறக்காது. வாரம் ரெண்டு நாள் தண்டால், பஸ்கி. எலும்போட பலம் முப்பது வயசு வாக்குல உச்சத்துக்கு வந்துருது, அப்புறம் இருக்கறத காப்பாத்தறதுதான்.

என் பையனுக்கு 22. காலேஜ் முடிச்சு வீட்டுல இருக்கான், ராத்திரி பூரா போன், பதினோரு மணிக்கு எந்திரிக்கிறான். சின்ன வயசுலயே சரியா வளக்கலயோன்னு கஷ்டமா இருக்குங்க.

அப்படி நினைக்காதீங்கம்மா. நியூசிலாந்துல டுனெடின்னு ஒரு ஊர்ல 1972, 73ல பிறந்த ஆயிரம் குழந்தைங்கள இன்னிக்கு வரைக்கும் தொடர்ந்து பாத்துட்டு வர்றாங்க. சின்ன வயசுல கட்டுப்பாடு இருந்தவங்க 32 வயசுல உடம்புலயும் பணத்துலயும் நல்லா இருந்தாங்க, அது உண்மைதான். ஆனா சின்னதுல இல்லாம வளர வளர கட்டுப்பாடு கூடுனவங்களும் எதிர்பார்த்தத விட நல்லா வந்தாங்கன்னு அதே ஆராய்ச்சி சொல்லுது, நான் இதத்தான் பெரிசா பிடிச்சுக்கறேன். எந்திரி எந்திரின்னு கத்துனா அவன் காது மூடிக்கும். பாட்டிய மாசாமாசம் சுகர் செக்கப்புக்கு கூட்டிட்டு போற வேலைய அவன்கிட்ட குடுங்க, காலைல ஏழு மணி டோக்கன். நீங்க போகாதீங்க, ஞாபகமும் படுத்தாதீங்க. நம்மள நம்பி ஒருத்தர் கிளம்பி உக்காந்திருக்காங்கன்னா பையன் எந்திரிப்பான்.

எனக்கு 34 ஆச்சு, ஒரு ரூபா சேமிப்பு இல்ல. லேட்டுங்களா?

லேட் இல்லீங்க, 50 வயசு வாக்குல ஒரு பிபிஎஃப், அதாவது அரசோட நீண்டகால சேமிப்புக் கணக்கு, முழுசா முடிச்சிரலாங்க. இப்ப இருக்கற 7.1 வட்டி அப்படியே நின்னா, வருஷம் 60,000த்த ஏப்ரல் 5க்குள்ள போட்டுட்டு வாங்க, 15 வருஷம் முடியறப்ப போட்ட 9 லட்சம் 16 லட்சத்துக்கு மேல நிக்கும், வேணும்னா அஞ்சஞ்சு வருஷமா நீட்டிக்கலாம். மொத்தமா முடியலன்னா மாசாமாசம் 5ந்தேதிக்குள்ள போடுங்க, 5க்கு அப்புறம் போட்டா அந்த மாசத்துக்கு அதுக்கு வட்டி கிடையாது. ஆதார், பான், ரெண்டு போட்டோ எடுத்துட்டு பக்கத்து போஸ்ட் ஆபீஸ் போங்க, 500 ரூபா போதும் கணக்கு தொடங்க.