கொட்டாவி விட்டால் எழும் கை, சொன்னால் ஏன் எழவில்லை?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. இரண்டு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலக்கை செயலிழந்தது. தூக்கச் சொன்னால் விரல்கூட அசைவதில்லை. கொட்டாவி விடும்போது மட்டும் அதே கை மார்பு வரை தானாக எழுகிறது. அவர் முயற்சியே செய்வதில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் கோபம். இது ஏன்?

பதில்: முதலில் அந்தக் கோபத்தை விடுங்கள். பாவம், அவர் முயன்றுகொண்டுதான் இருக்கிறார்.

நாமாகக் கையைத் தூக்கும்போது, பெருமூளையின் மேற்பரப்பிலுள்ள இயக்கப் பகுதியிலிருந்து கட்டளை கிளம்புகிறது. 1870இல் பெர்லினில் ஃபிரிட்ச், ஹிட்சிக் என்ற இருவர் நாயின் மூளையில் இந்தப் பகுதியை லேசான மின்சாரத்தால் தூண்டியபோது எதிர்ப்பக்கத் தசைகள் அசைந்தன. இங்கிருந்து இறங்கும் நரம்பிழைகள் மூளையின் ஆழத்தில் ஒரு குறுகிய இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு செல்கின்றன. அங்கே சிறிய அடைப்பு ஏற்பட்டாலும் ஒரு பக்கம் முழுவதும் விழுந்துவிடலாம். மூளை தண்டுவடத்தோடு சேரும் இடமான முகுளத்தின் அடிப்பகுதியில் பெரும்பாலான இழைகள் பக்கம் மாறுவதால், இடப்பக்க மூளை பாதிக்கப்பட்டால் வலக்கை விழுகிறது.

கொட்டாவி மூளைத்தண்டில் பிறக்கிறது. நம் விருப்பத்துக்குக் காத்திருப்பதில்லை. அங்கிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் வேறு பாதைகள் உங்கள் அப்பாவுக்குத் தப்பியிருக்க வேண்டும். பக்கவாத நோயாளிகள் சிலரிடம் மருத்துவர்கள் இதைக் கண்டு பதிவு செய்திருக்கிறார்கள். தண்டுவடமும் கை நரம்புகளும் தசையும் இன்னும் வேலை செய்கின்றன என்பதற்கு இது சாட்சி. ஆனால் இதை மட்டும் வைத்து, கை பழையபடி ஆகிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

கொட்டாவியை வரவழைத்துப் பயிற்சி தர வேண்டாம். அவர் தானே நினைத்துச் செய்யும் அசைவுதான் மூளைக்குப் பாடம். மேசைமேல் துண்டை விரித்து, இடக்கையின் துணையோடு வலக்கையால் அதை முன்னே தள்ளச் சொல்லுங்கள். கண் அந்தக் கைமேலேயே இருக்கட்டும். எத்தனை முறை என்பதைப் பிசியோதெரபிஸ்ட் சொல்வார். முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக வரும்; எனவே நாள் கடத்தாதீர்கள்.

எழுப்பி உட்கார வைக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தசை தளர்ந்திருப்பதால் தோள்மூட்டு எளிதில் நழுவும். உட்கார்ந்திருக்கும்போது கைக்கு அடியில் தலையணை வையுங்கள்.

கொட்டாவி இல்லாத வேளையில் கை வெட்டி வெட்டி இழுத்தாலோ, நினைவு தப்பினாலோ அது வலிப்பாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.